கூரையில் ஒரு நீச்சல்குளம்

வாருங்கள், வாசகப் பெருமக்களே! கையிலிருக்கும் வேலையைக் கீழே வைத்துவிட்டு வாருங்கள். வந்து, இந்தப் படுக்கையறையின் கூரையை அண்ணாந்து பாருங்கள். வெள்ளையடித்த கூரை. நடுவில் ஒரு மின்விசிறி. மின்விசிறிக்குப் பக்கத்தில், நீல நிறத்தில், கோணலாக, இரண்டே இரண்டு சொற்கள்: 'சிக்னல் இல்லை.'

இதிலென்ன அநீதி என்பீர்கள். கீழே பாருங்கள். கட்டிலுக்கும் சுவருக்கும் இடையே, கழுத்தில் ஒரு கம்பி, காதில் ஒரு பேனா, வாயில் ஒரு திருகாணியோடு மண்டியிட்டிருக்கிறாரே ஒரு மனிதர், அவர் பத்திரம் எழுதுபவர். ஊரிலுள்ள பாதி வீடுகளும் அவர் எழுத்தின் மேல்தான் நிற்கின்றன. எந்தச் சொல்லுக்கும் பொருள் தெரியாமல் கையெழுத்துப் போடாதே என்று வாழ்நாளெல்லாம் ஊருக்கு உரைத்தவர். அந்த மனிதரைத்தான் ஒரு புரொஜெக்டர் பெட்டி, தன் மேல் அச்சிட்ட சொற்களால் மண்டியிட வைத்திருக்கிறது! இதை அநீதி என்னாமல் வேறென்ன என்பது?

"வந்துச்சா?" என்றாள் கட்டிலில் கிடந்த அவர் மனைவி.

"வரும்."

"போட்டி நாலு மணிக்குங்க."

"தெரியும்."

"இப்ப மணி என்ன?"

"மணியைப் பாத்தா மெஷினைப் பாக்க முடியாது. மெஷினைப் பாத்தா மணியைப் பாக்க முடியாது. ரெண்டுல ஒண்ணு சொல்லு."

அவள் நகராட்சி நீச்சல்குளத்தின் பயிற்சியாளர். ஊர்ப் பிள்ளைகளுக்கு 'டால்பின் டீச்சர்'. "ஓடாதே, வழுக்கும்!" என்று ஒரு பெண்ணை அதட்டிக்கொண்டே நடந்தவள், தானே வழுக்கி விழுந்து முதுகெலும்பில் கீறல் கண்டு, ஒன்றரை மாதமாக மல்லாந்த நிலையிலேயே இருந்தாள். தலையைத் தூக்கக் கூடாது. கழுத்தைத் திருப்பக் கூடாது. தும்முவதென்றாலும் யோசித்துத்தான் தும்ம வேண்டும். மருத்துவரின் அந்தக் கட்டளையைப் பத்திரக்காரர் அரசு ஆணையைவிடக் கண்டிப்பாகக் காத்தார். தாம் புரண்டு படுத்தால் அவளுக்கு வலிக்குமோ என்று அஞ்சி, இரட்டைக் கட்டிலில் தம் பாதியைக் காலியாக விட்டுவிட்டு, கூடத்து பெஞ்சில் போய் முடங்கிக்கொண்டிருந்தார்.

அதட்டல் வாங்கிய அந்தப் பெண்ணின் செல்லப்பெயர் வாத்து. மல்லாந்து நீந்தும் பந்தயத்தில் அவளுக்கு நிகரான வேகமில்லை. அவளுக்கு நிகரான கோணலும் இல்லை. நேராகப் போகத் தெரியாமல், இரு பக்கக் கயிறுகளிலும் மாறி மாறி முட்டிக்கொண்டு போவாள். இன்று அவளுக்கு இறுதிப் போட்டி. "டீச்சர் பாக்கலேன்னா நான் தண்ணியில இறங்க மாட்டேன்" என்று போனில் அழுதிருந்தாள். "பாப்பேன்டீ, நீ இறங்கு" என்று டீச்சர் வாக்குக் கொடுத்திருந்தாள். அந்த வாக்கைக் காப்பாற்றும் பொறுப்பைத் தம் தோளில் ஏற்றுக்கொண்டவர் பத்திரக்காரர்.

முதலில் எளிய வழியைத்தான் பார்த்தார். கைப்பேசியை அவள் முகத்துக்கு மேலே பிடித்துக்கொண்டு நின்று ஒத்திகை பார்த்தார். கொஞ்ச நேரத்தில் கை மரத்துப்போனது. கைப்பேசி நேரே அவள் மூக்கின் மேல் விழுந்தது. ஒன்றரை மாதப் படுக்கையில் அவளுக்குப் புதிதாகப் பட்ட காயம் அது ஒன்றுதான். அப்போதுதான் அவருக்கு அந்த எண்ணம் உதித்தது. அவள் பார்க்கக் கூடிய இடம் கூரை. ஆகவே படம் கூரைக்கு வர வேண்டும்!

முந்தைய நாள் கடையில் நடந்ததையும் கேளுங்கள்.

"லூமென்ஸ்னு போட்டிருக்கே, அப்படின்னா என்ன தம்பி?"

"வெளிச்சம் சார்."

"எங்கே அளந்த வெளிச்சம்? விளக்குக்குள்ளயா, சுவர் மேலயா? யார் அளந்தது?"

"பெட்டியில போட்டிருக்கு சார்."

"பெட்டியில போட்டா ஆச்சா? உன் வீட்டை என் பேர்ல நான் எழுதிக்கிட்டா அது என்னுதாயிடுமா?"

விற்பனையாளர் அடுத்த பெட்டியைக் காட்டினார். "இது ஃபுல் எச்.டி. சப்போர்ட் சார்."

"சப்போர்ட்னா?"

"சப்போர்ட் பண்ணும் சார்."

"யாரை?"

பத்திரக்காரர் மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, பெட்டியின் அடியில் எறும்பு ஊர்ந்தாற்போலிருந்த எழுத்துகளைத் தேடிப் பிடித்தார். அங்கேதான் உண்மை ஒளிந்திருந்தது. ஏற்பது ஒன்று, காட்டுவது வேறொன்று! முழு உயர்தரப் படத்தை வாய் நிறைய வாங்கிக்கொண்டு, தன்னிடமுள்ள சில்லறைப் புள்ளிகளில் நசுக்கிக் காட்டும் பொறிக்கு, முகப்பிலே அத்தனை பெரிய பட்டம்! விருந்துக்கு அழைத்தவன் 'நூறு பேரை வரவேற்கிறேன்' என்று வாசலில் எழுதிவிட்டு, உள்ளே பத்து இலை போட்டால் அவனை என்ன சொல்வீர்கள்?

"இதோ பாரு தம்பி. ஒரு ஏக்கர் நிலம் இருக்கு. அதை எத்தனை மனையா பிரிச்சிருக்கேன்னு கேக்கறேன். நீ, எத்தனை பேர் வந்து பாத்துட்டுப் போனாங்கன்னு சொல்றே. ரெசல்யூஷன்னா எனக்கு மனைக் கணக்கு வேணும்."

"சார், நீங்க வாங்க வந்தீங்களா, ரெஜிஸ்டர் பண்ண வந்தீங்களா?"

இறுதியில், சொன்ன புள்ளிகளைச் சொன்னபடி காட்டும் ஒரு பொறியை அவர் தேர்ந்தெடுத்தார். அதைக் குழந்தையைத் தூக்கி வருவது போல மார்போடு அணைத்து வீடு வந்து, மனைவியின் பக்கத்தில் நாற்காலியைப் போட்டு அமர்ந்து, மாலை முழுவதும் ஒவ்வொரு சொல்லாக விளக்கினார். கான்ட்ராஸ்ட் என்றால், கறுப்பு எவ்வளவு கறுப்பாகவும் வெள்ளை எவ்வளவு வெள்ளையாகவும் இருக்கிறது என்பது. ஆஸ்பெக்ட் ரேஷியோ என்றால், மனையின் நீளத்துக்கும் அகலத்துக்கும் உள்ள பொருத்தம். அவள் கண்களை விரித்துக்கொண்டு, ஒன்று முடியுமுன் இன்னொன்று கேட்டாள். அவர் பேசினார், பேசினார், தொண்டை கட்டும் வரை பேசினார். அவள் விழுந்த நாள் முதல், 'மருந்து குடிச்சியா', 'வலிக்குதா' என்ற இரு கேள்விகளைத் தாண்டி அந்த அறையில் இவ்வளவு பேச்சு ஒலித்ததேயில்லை.

இப்போதோ, நான்கு மணி நெருங்குகிறது. கூரையில் 'சிக்னல் இல்லை'!

குற்றம் சிக்னலிடம் இல்லை. மடிக்கணினியிலிருந்து வந்த கம்பியை அவர் முதல் வாசலில் செருகியிருந்தார். பொறியோ இரண்டாம் வாசலில் போய் நின்று விருந்தாளியைத் தேடிக்கொண்டிருந்தது. ரிமோட்டில் 'சோர்ஸ்' என்ற பொத்தானை அவர் தற்செயலாக முழங்கையால் அழுத்த, இரண்டும் கைகுலுக்கிக்கொண்டன. கூரையில் படம் விழுந்தது!

"ஆ!" என்றாள் டீச்சர்.

"பேசாதே. தலைகீழா இருக்கு" என்றார் கட்டிலின் கால்மாட்டில் நின்று அண்ணாந்து பார்த்த பத்திரக்காரர்.

"இல்லைங்க, எனக்கு..."

"நான் பாத்துக்கறேன்!"

பொறியின் பட்டியலில் தேடினார். 'சீலிங்' என்றொரு சொல் கண்ணில் பட்டது. கூரைக்குப் படம் காட்டுவோருக்கென்றே எந்தப் புண்ணியவானோ வைத்த வசதி என்று பூரித்துப்போனார். அழுத்தினார். கூரையில் பொறியைத் தொங்கவிடுவோருக்கான வசதி அது என்பதை அவருக்குச் சொல்ல அங்கே யாருமில்லை. படம் தலைகீழாகச் சுழன்றது. அவர் கண்ணுக்கு இப்போது எல்லாம் நேராகத் தெரிந்தன.

"பாத்தியா! சரியாயிடுச்சு."

"ஏங்க, தண்ணி மேல இருக்கு, வானம் கீழ இருக்கு."

"உனக்கு மருந்து மயக்கம்."

இதற்குள் இரண்டாவது வில்லங்கம் முளைத்தது. மின்விசிறியின் இறக்கைகள் படத்தை வெட்டி வெட்டி வீசின. குளக்கரையில் நின்ற பிள்ளைகள் எல்லாரும் மின்னல் வெட்டில் நின்றாடுவது போல மின்னி மறைந்தனர். மின்விசிறியை நிறுத்தினார். இறக்கைகள் நின்றதும் அவற்றின் நிழல் குளத்தின் குறுக்கே மூன்று பாலங்களைக் கட்டியது. பாலங்களைத் தவிர்க்க, பொறியின் கீழே தடித்த சட்டப் புத்தகங்களைச் செருகிச் சாய்த்தார். படம் மின்விசிறியைத் தாண்டிப் போனது. போன இடத்தில் ஒரு பக்கம் விரிந்து, ஒரு பக்கம் சுருங்கி, காற்றடித்த பாவாடை போலக் கோணிக்கொண்டது.

பத்திரக்காரருக்கு இரத்தம் கொதித்தது. நான்கு எல்லைகளையும் பிசகாமல் எழுதி வாழ்ந்தவர் கண்ணெதிரே ஒரு மனை, ஓரெல்லை நீண்டும் எதிரெல்லை குறைந்தும் கிடந்தால் கொதிக்காதா?

"கிழக்கால இருபதடி, மேற்கால பன்னெண்டடி! எவன்டா இந்த மனையை அளந்தவன்?"

'கீஸ்டோன்' என்ற பொத்தான் அதற்குத்தான் என்று நேற்றே படித்திருந்தார். அழுத்த அழுத்தக் கோணல் நிமிர்ந்தது. ஆனால் நிமிர நிமிரப் படமும் குறுகி, கடைசியில் நான்கெல்லையும் சரியாக அமைந்த ஓர் அஞ்சல்தலை கூரையில் ஒட்டிக்கொண்டிருந்தது.

"அழகா இருக்கு" என்றாள் டீச்சர். "இதுல வாத்து எங்கே? எறும்பா போறாளா?"

"கிண்டலுக்கு மட்டும் கொறச்சலில்ல."

வேறு வழியின்றி, பொறியை மின்விசிறிக்கு அப்பால் கொண்டுபோய் நிமிர்த்தி வைத்து, கட்டிலையே அங்கே நகர்த்துவதென்று முடிவு செய்தார். சக்கரம் வைத்த கட்டில். பச்சைக் குழந்தையின் தொட்டிலை நகர்த்துவது போல, மூச்சைப் பிடித்துக்கொண்டு, அங்குலம் அங்குலமாக மின்விசிறிக்கு அப்பால் தள்ளினார்.

"நான் வேணா கொஞ்சம் எழுந்து..."

"அசையக் கூடாது!" என்று அலறினார். "உனக்கு ஒண்ணு ஆச்சுன்னா நான் என்ன பண்ணுவேன்?"

அவள் ஏதோ சொல்ல வாயெடுத்தவள், அவர் முகத்தைப் பார்த்து மூடிக்கொண்டாள்.

படம் பெரிதாயிற்று, ஆனால் பகல் வெளிச்சத்தில் வெளுத்துப்போய்ச் சுண்ணாம்பு பூசினாற்போல் நின்றது. ஜன்னல்களைச் சாத்திப் போர்வைகளைத் தொங்கவிட்டார். அறை இருண்டது, படம் உயிர் பெற்றது, இருவருக்கும் வியர்த்துக் கொட்டியது. புரொஜெக்டர் பெட்டியின் மூடியைக் கிழித்து, 'ஹை கான்ட்ராஸ்ட்' என்று அச்சிட்ட பக்கத்தால் அவளுக்கு விசிறிக்கொண்டே, தம் கைப்பேசியைக் காதில் வைத்தார். மறுமுனையில் டீச்சரின் தம்பி. குளத்தின் மேல்மாடத்தில் உட்கார்ந்து ஒரு கைப்பேசியில் படம் அனுப்பிக்கொண்டு, மறு கைப்பேசியில் பேசிக்கொண்டிருந்தான்.

"மச்சான், படம் ஏன் தூண் மாதிரி ஒல்லியா வருது?"

"போனை நிமுத்திப் பிடிச்சிருக்கேன் மாமா."

"படுக்க வைடா! அக்கா படுத்திருக்கா, உன் போனும் படுத்தா என்ன?"

தம்பி படுக்க வைக்குமுன், அவசரத்தில் பத்திரக்காரர் ரிமோட்டில் எதையோ அழுத்தி அந்தத் தூணை இழுத்து விரித்துவிட்டார். குளத்தங்கரையில் நின்ற பெண்கள் அத்தனை பேரும் நொடியில் பருத்துக் குட்டையானார்கள்.

"ஐயோ, என் பொண்ணுங்களை என்ன பண்ணினீங்க? எல்லாரும் பானை மாதிரி நிக்கறாங்களே!"

"மனையோட நீள அகலம் மாறிடுச்சு. இரு, இரு."

ஒருவழியாக அவர்களை ஒல்லியாக்கினார். ஆனாலும் அவள் முகம் தெளியவில்லை.

"ஏங்க, கோவிச்சுக்காதீங்க. எல்லாரும் தலைகீழாத்தான் நிக்கறாங்க."

"நேரா நிக்கறாங்க! நான் கண்ணால பாக்கறேன்!"

"நீங்க அந்தப் பக்கம் நின்னு பாக்கறீங்க. நான் இந்தப் பக்கம் படுத்துப் பாக்கறேன்."

இடத்தைப் போய்ப் பார்க்காமல் ஒரு நாளும் பத்திரம் எழுதாதவர் பத்திரக்காரர். எவன் சொன்னாலும் நம்பாமல், முள்ளென்றும் சேறென்றும் பாராமல் நடந்து போய் நின்று பார்ப்பவர். அப்பேர்ப்பட்டவர், இந்த ஒரு மனையை மட்டும், அதன் உரிமையாளர் இருக்கும் இடத்திலிருந்து ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை!

செருப்பைக் கழற்றினார். கட்டிலின் காலியான பாதியில், கண்ணாடிமேல் உட்காருபவரைப் போல உட்கார்ந்தார். மெல்ல, மிக மெல்லச் சாய்ந்து, அவள் பக்கத்தில் மல்லாந்து படுத்தார். அண்ணாந்து பார்த்தார்.

தண்ணீர் மேலே. வானம் கீழே. மச்சானின் கட்டைவிரல் ஒரு மூலையில்.

"அடப்பாவமே" என்றார். "அப்ப முதல்ல வந்த படம்தான் சரியா?"

"அதைத்தான் ஆரம்பத்திலேருந்து சொல்றேன்."

ரிமோட்டைத் தடவி எடுத்து, 'சீலிங்' என்பதை ரத்து செய்தார். குளம் சுழன்று நேரானது. எட்டுப் பெண்கள் வரிசையாகத் தண்ணீரில் இறங்கிக்கொண்டிருந்தார்கள்.

எழுந்திருக்க அவர் முழங்கையை ஊன்றினார். "எங்கே போறீங்க? ஆரம்பிக்கப் போகுது. கட்டில் ஆடும், அசையாதீங்க" என்றாள் அவள். அவர் அசையவில்லை.

காதிலிருந்த கைப்பேசி அலறியது. "கிளம்பிட்டாங்க மாமா! கிளம்பிட்டாங்க!"

கூரையிலோ, பெண்கள் இன்னும் கம்பியைப் பிடித்துக் காத்திருந்தார்கள். அங்கே நடப்பது இங்கே வந்து சேர அரை நிமிடம் பிடிக்கிறது என்பது பத்திரக்காரருக்குப் புரிந்தது. பெட்டியில் அச்சிடாத சொல் அது ஒன்றுதான்: தாமதம்.

கூரையிலும் பந்தயம் தொடங்கிற்று. மேல்மாடத்திலிருந்து எடுத்த படமாதலால், மல்லாந்து நீந்தும் வாத்தின் முகம் நேரே கீழே பார்த்தது. கட்டிலில் மல்லாந்திருந்த டீச்சரின் முகம் நேரே மேலே பார்த்தது. ஒன்றரை மாதம் பிரிந்திருந்த இருவரும், நடுவில் ஓர் அறையின் உயரம் மட்டுமே இருக்க, ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"கண்ணை மேல வைடீ! பக்கத்துல பாக்காதே! தோளைச் சுத்து, தோளை!" என்று டீச்சர் கூரையை நோக்கிக் கத்தினாள். அவள் விரல்கள் போர்வைக்குள் துழாவி, அவர் கையைப் பிடித்து நெரித்தன.

அதே நேரம் கைப்பேசி அவர் காதில் கூவியது. "முடிஞ்சுது மாமா! வாத்து ரெண்டாவது! ஒரு உள்ளங்கை வித்தியாசம்! அக்காகிட்ட சொல்லுங்க!"

கூரையில் வாத்து இன்னும் பாதிக் குளத்தில் இருந்தாள். முதலிடத்தில் இருந்தாள்.

"யாருங்க? தம்பியா? என்ன சொல்றான்?"

பத்திரக்காரர் தம் வாழ்நாளில் ஓர் உண்மையையும் மறைத்துப் பத்திரம் எழுதியவரல்லர். அன்று மறைத்தார். "ஒரே சத்தமா இருக்கு. ஒண்ணும் கேக்கலை" என்று கைப்பேசியைத் தலையணைக்கடியில் தள்ளினார். அவள் கையை மட்டும் இன்னும் கொஞ்சம் இறுக்கிப் பிடித்துக்கொண்டார். முதலிடம் போய்விடுமே, இவள் முகம் வாடிவிடுமே என்று, கூரையைப் பாராமல் அவள் முகத்தையே பார்த்துக்கிடந்தார்.

கடைசி வீச்சில் பக்கத்துப் பெண்ணின் கை முந்திச் சுவரைத் தொட்டது.

டீச்சரின் கண்ணோரத்தில் நீர் பெருகிக் காதுக்குள் இறங்கியது. "பாத்தீங்களா?" என்றாள். "கயித்தைத் தொடவே இல்லைங்க! கோடு போட்டாப்ல வந்தா! ஒரு தடவைகூட முட்டலை!"

"ரெண்டாவதுதானே வந்தா?"

"வேகம் எவளுக்கும் வரும். நேரா வந்தா பாருங்க, அதுதான் நான் சொல்லிக் கொடுத்தது!"

"எல்லை மீறலை" என்றார் பத்திரக்காரர்.

கூரையில் வாத்து நீரிலிருந்து எழுந்து, மேல்மாடத்துக் கைப்பேசியைப் பார்த்து இரு கைகளையும் ஆட்டினாள். டீச்சரும் படுத்தபடியே ஒரு கையை ஆட்டினாள். மறு கை அவரிடம் இருந்தது; அதை அவள் திரும்ப வாங்கிக்கொள்ளவில்லை.

பிறகு கூரையில் வேறு யார் யாரோ நீந்தினார்கள். இருவரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கூடத்து பெஞ்சில் ஒன்றரை மாதமாக நொந்துபோயிருந்த முதுகுக்குச் சொந்தப் படுக்கை என்னென்னவோ சமாதானம் சொல்லிற்று. பத்திரக்காரர் கண்ணை மூடினார்.

கதவு திறந்தது. தினமும் மாலையில் வந்து மருந்து கொடுத்துப் போகும் நர்ஸ், அறையின் இருட்டையும், ஜன்னல் போர்வைகளையும், கூரையில் ததும்பும் குளத்தையும் கண்டு வாசலிலேயே நின்றாள்.

"மெதுவா வாம்மா" என்றாள் டீச்சர், கிசுகிசுவென்று. "இவர் இப்பதான் படுத்தாரு."

நர்ஸ் நுனிக்காலில் நடந்து வந்து, குனிந்து, அவளும் கிசுகிசுத்தாள்.

"அது சரிம்மா, நீங்க ஏன் இன்னும் படுத்தே இருக்கீங்க? நேத்து ஐயா கடைக்குப் போயிருந்தப்பவே டாக்டர் வந்து பாத்துட்டு, எழுந்து உக்காரலாம், கூடத்துக்குப் போயி டிவியே பாக்கலாம்னு சொல்லிட்டாரே!"

தூங்காத பத்திரக்காரர் கண்ணைத் திறக்கவில்லை. அசையவும் இல்லை.

வாசகப் பெருமக்களே! பெட்டியின் மேல் அச்சிட்ட ஒவ்வொரு சொல்லுக்கும் பொருள் கேளுங்கள். பொருள் சொல்லாதவனிடம் பொருளை வாங்காதீர்கள். ஆனால் அதெல்லாம் நாளைக்கு. இன்று, இப்போதே, இந்தப் பக்கத்தை மூடிவிட்டு எழுந்து போங்கள். உங்கள் வீட்டில் படுத்திருப்பவரின் பக்கத்தில் போய்ப் படுங்கள். அவர் பார்க்கும் கூரையை, அவர் பார்க்கும் பக்கத்திலிருந்து பாருங்கள்!